விறகடுப்பிலிருந்து கண்ணாடிக் குக்கர் வரை: எங்கள் குசினி மாறிய கதை

பதிவு கொஞ்சம் நீளம். நோன்பு திறந்து, தேநீர் குடித்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பெருநாள் நெருங்கினால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வர்ணம் அடிப்பது வழமை. இந்த முறை எல்லாரும் குசினியில் கை வைத்திருக்கிறார்கள். சுவருக்கு மாபிள் போட்ட மாதிரித் தெரிகிற ஒட்டுத்தாள், குக்கரை ஒட்டி மரப்பலகை அலுமாரி, சிலிண்டரை மறைக்க ஒரு கதவு. போன கிழமைக்குள் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், குக்கர் பழசாப் போச்சு. நெருப்பு நல்லாத்தான் எரியுது. புதுசு வாங்குற நிலைமை இல்ல. பார்வைக்கு மட்டும் புதுசாக்க ஏலாதா?"

ஏலும். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் பதில் வரலாற்றிலிருந்துதான் தொடங்கும். எங்கள் அடுப்பு எப்படி இருந்தது, ஏன் அப்படி இருந்தது என்று விளங்கினால், இன்றைக்கு எதை மாற்றலாம் என்பது தானாக விளங்கும்.

சொல்லுக்குள் ஒரு வரலாறு

"குசினி" என்ற சொல்லை இந்தியத் தமிழர் பலர் சொல்வதில்லை. அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்கள் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். போனவர்கள் யன்னல், அலுமாரி, மேசை, சாவி என்று ஒரு வீட்டையே சொற்களாக விட்டுப்போனார்கள். பாண் அவர்களுடையது. பாண் வேகும் போறணையும் அவர்களுடைய சொல்தான். ஆனால் "அடுப்பு" எங்களுடையது. அடுப்படிக்குப் பெயர் மாறியது. அடுப்பு மட்டும் முந்நூறு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

மூன்று மேடு

அந்த அடுப்பை நினைத்துப் பாருங்கள். களிமண்ணைக் குழைத்துப் பிசைந்து உம்மம்மாமார் கையாலேயே போட்டது. சட்டி குந்துவதற்கு மூன்று மேடு. அந்த மேடு அழகுக்கு வைத்ததல்ல. சட்டிக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவில் ஒரு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியால் காற்று போகும், சுவாலை வெளியே வந்து சட்டியைச் சுற்றும். மேடு தேய்ந்து சட்டி கீழே இறங்கினால் அடுப்புப் புகையும், சோறு வேகப் பிந்தும். அப்போது உம்மம்மா கொஞ்சம் களி எடுத்து மேட்டை உயர்த்துவா. அவ இரசாயனம் படித்தவவல்ல. ஆனால் நெருப்புக்கு மூச்சு வேண்டும் என்று அவவுக்குத் தெரியும்.

விறகும் எங்கள் மண்ணின் விறகு. பனை மட்டை, கங்குமட்டை, பன்னாடை, தென்னம்பாளை, பொச்சு, சிரட்டை, ஊமல். பனைக்குக் கீழே எதுவும் வீணாகிக் கிடந்ததில்லை. பற்றவைக்கப் பன்னாடை, நின்று எரிய மட்டை, தணலுக்கு ஊமலும் சிரட்டையும்.

அடுப்படி அமைந்த விதத்தையும் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிப் பக்கமாக, தனியாக ஒரு கொட்டில். வசதியான கல்வீடுகளில் புகைக்கூடு. இல்லாத இடத்தில் அரைச்சுவர். அதற்கு மேலே கூரை வரைக்கும் திறந்திருக்கும் அல்லது பனை மட்டை வரிச்சு அடித்திருக்கும். அடுப்புக்கு மேலே பரண். அதிலே ஈர விறகும் விதையும் புகையில் காயும். சுவர் முழுக்கக் கரி. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் ஏழ்மை என்று நினைக்கிறோம். ஆனால் அந்த அரைச்சுவர் ஒரு வேலை செய்தது. புகையை வெளியே அனுப்பியது. வீடு எரிந்தாலும் குசினியோடு நிற்கட்டும் என்று தள்ளிக் கட்டினார்கள்.

இதைச் சொல்வதால் பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, இருமி இருமிக் காலம் தள்ளியவர்கள் எங்கள் தாய்மார்தான். வீட்டுக்குள் விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை இன்று மருத்துவம் சந்தேகமில்லாமல் சொல்கிறது. விறகடுப்பிலிருந்து வெளியே வந்தது நல்லதுக்குத்தான். வெளியே வரும்போது அந்த இடைவெளியையும் அரைச்சுவரையும் தெரியாமல் விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான் என் கவலை.

மண்ணெண்ணெய்க் காலம்

1892இல் சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோமில் லின்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிறைமஸ் அடுப்பு உலகத்தையே சுற்றியது. பம்ப் அடித்து மண்ணெண்ணெயை ஆவியாக்கி நீலச் சுவாலையில் எரிய வைக்கிற அடுப்பு. பித்தளைத் தாங்கி, ஊசி, அந்த "ஸ்ஸ்" என்ற சத்தம். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு மறக்காது. பிறகு திரி போட்ட குக்கர் வந்தது. சத்தம் இல்லை, விலையும் குறைவு.

மண்ணெண்ணெய் புதிய பழக்கங்களைக் கொண்டுவந்தது. அடுப்பு நிலத்திலிருந்து மேசைக்கு ஏறியது. குந்தியிருந்து சமைத்தவர்கள் நின்று சமைக்கத் தொடங்கினார்கள். குசினி வீட்டுக்குள் வந்தது. எரிகிற அடுப்புக்கு எண்ணெய் ஊற்றக்கூடாது என்ற பாடத்தை ஒவ்வொரு வீடும் யாராவது ஒருவருடைய தீக்காயத்தால் படித்தது.

காஸ் எங்கே இருந்து வந்தது?

இலங்கையில் காஸ் கதை சமையலில் தொடங்கவில்லை, விளக்கில் தொடங்கியது. இலண்டனில் 1807இல் பால் மால் வீதியில் காஸ் விளக்கு எரிந்தது. அது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த காஸ். கொழும்பில் 1870களில் "கொலம்போ காஸ் அன்ட் வோட்டர்" கம்பனி வந்து கோட்டையிலும் புறக்கோட்டையிலும் காஸ் விளக்கு ஏற்றியது. புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகிற எங்கள் வியாபாரிகளுக்குக் காஸ் வேர்க்ஸ் வீதி தெரியும். அந்தப் பெயர் அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்த நிலக்கரிக் காஸ் குழாயில் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அப்படியொரு குழாய் வரவேயில்லை. நாங்கள் அறிந்த காஸ் வேறு. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தி, திரவமாக்கிச் சிலிண்டருக்குள் அடைத்தது. பெற்றோலியத்திலிருந்து வருவது. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. பழைய காஸ் கம்பனி அரசின் கைக்கு வந்து, 1990களின் நடுப்பகுதியில் ஷெல் கம்பனிக்குப் போய், 2010இல் திரும்ப அரசு வாங்கி "லிட்ரோ" என்று பெயர் மாறியது. மஞ்சள் சிலிண்டர் லாஃப்ஸ் 2000க்குப் பிறகு வந்தது.

இரண்டு காஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிக் காஸ் காற்றை விட இலேசானது, மேலே ஏறும். எங்கள் சிலிண்டர்க் காஸ் காற்றை விடப் பாரம். புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி நிலத்தில் ஓடும். படி இறங்கும், கானுக்குள் போகும், அலுமாரியின் அடியில் தேங்கும். காற்றில் நூறில் இரண்டு பங்கு கலந்தாலே பற்றுவதற்குப் போதும்.

1990: இரண்டு குசினிகள்

எங்கள் ஊரில் காஸின் வரலாறு எழுத வேண்டுமென்றால் 1990ஐத் தாண்டிப் போக முடியாது.

அந்த வருடம் யூனில் போர் திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டிலிருந்து வந்த பொருட்களில் குசினிச் சாமான் ஒன்றும் இல்லை. உம்மாவிடம் இருந்த திரிக் குக்கரும், உம்மம்மா போட்ட களிமண் அடுப்பும் அங்கேயே நின்றன.

அதற்குப் பிறகு ஒரே ஊரின் இரண்டு குசினிகள் இரண்டு இடத்தில் வாழ்ந்தன.

இங்கே இருந்த தமிழ் மக்கள் தடைக்குள் சமைத்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கிடைத்தால் விலை கேட்க முடியாது. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதற்கு ஒரு மிடறு எண்ணெய், நூல் திரி. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று எங்களோடு பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள். சமையலுக்குத் திரும்பவும் பனை மட்டையும் ஊமலும். சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த கதைகளை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் சமைத்தோம். மூன்று கல், தென்னம் மட்டை. ஒரு கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் கைநீட்டுத் தூரம். காற்று அடித்தால் உம்மா அடுப்புக்குத் தண்ணீர் தெளித்துவிடுவா. சோறு வேகாவிட்டாலும் பரவாயில்லை, பொறி பறக்கக்கூடாது. ஒரு கொட்டில் பற்றினால் வரிசையே போய்விடும் என்ற பயத்தோடு பதினைந்து, இருபது வருடம் சமைத்தவர்கள் எங்கள் பெண்கள்.

ஆக, நெருப்போடு கவனமாக இருப்பது எப்படி என்று எங்கள் இரண்டு சமூகத்துக்கும் யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. இரண்டு பேரும் கஷ்டப்பட்டுப் படித்தவர்கள். அந்தப் பாடத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

திரும்பி வந்து கட்டிய வீடுகள்

2002 சமாதான காலத்தில் ஏ9 திறந்தது. கொஞ்சப் பேர் திரும்பினோம். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியது. 2009க்குப் பிறகுதான் பலர் துணிந்து வந்தார்கள். வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. சோனகத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் வளவுகள் சிறியவை. அதற்குள் இரண்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு. பின்வளவில் தனிக் குசினி கட்ட இடமும் இல்லை, காசும் இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் குசினி வந்தது. விறகு அடுக்க இடமில்லாத வீட்டுக்குக் காஸ் ஒரு வரம்.

2012 கணக்கெடுப்பின்போது நாட்டின் நான்கில் மூன்று வீட்டுக்கு மேல் இன்னும் விறகில்தான் சமைத்தது. நகரத்துக்குள் மட்டும் காஸ் வேகமாகப் பரவியது. அப்படிப் பார்த்தால் எங்களில் பல குடும்பங்களுக்குக் காஸோடு உள்ள பழக்கம் பதினைந்து வருடம்தான். விறகோடு எங்களுக்கு நூற்றாண்டுகளின் அனுபவம். காஸோடு ஒரு தலைமுறை அனுபவம்கூட இல்லை.

வீடு கொஞ்சம் நிமிர்ந்த பிறகு ஆசை வருவது இயல்பு. கொட்டிலில் வளர்ந்த பிள்ளைக்குத் தன் வீட்டுக் குசினி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசை வராமல் யாருக்கு வரும்? அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்குள் ஒளிந்திருக்கிற ஆபத்தைத்தான் சொல்கிறேன்.

2021 கற்பித்தது

2021 நவம்பர், டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்தி. கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்தில் ஒரு உணவகம் நவம்பர் 20ஆம் திகதி வெடித்தது. பிறகு வீடுகள். கண்ணாடிக் குக்கர் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த படங்களை நாங்கள் எல்லாரும் வட்சப்பில் பார்த்தோம். நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின. உயிர்களும் போயின. ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமை. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலக்கும் விகிதத்தை மாற்றியதே முக்கிய காரணம் என்று குழு சொன்னது.

புரொப்பேன் கூடினால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் எது முதலில் கைவிடும்? வெடித்துப்போன பழைய ஹோஸ், தேய்ந்த றப்பர் வளையம், இறுகப் பிடிக்காத கிளிப், வயது போன றெகுலேட்டர். விகிதத்தை மாற்றியது எங்கள் கையில் இல்லை. அதற்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஹோஸும் கிளிப்பும் எங்கள் கையில் இருந்தன.

அதே மாதங்களில் இன்னொரு சொல்லையும் படித்தோம்: எதைல் மேர்கப்டன். காஸுக்குச் சொந்தமாக மணம் இல்லை. நாங்கள் "காஸ் மணக்குது" என்று சொல்வது இந்த மருந்தின் மணம். அது போதுமான அளவு இல்லை என்று ஒரு கப்பல் காஸையே அப்போது திருப்பினார்கள். ஏன் இந்த மணம் அவ்வளவு முக்கியம்? 1937 மார்ச் 18ஆம் திகதி அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பாடசாலை வெடித்தது. செலவைக் குறைக்க எண்ணெய் வயலின் கழிவுக் காஸை எடுத்துப் பாவித்திருந்தார்கள். மணமில்லாத காஸ் கட்டடத்தின் அடியில் நிறைந்தது யாருக்கும் தெரியவில்லை. மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே காஸுக்கு மணம் சேர்க்கச் சட்டம் வந்தது. ஒரு ஆசிரியனாக இதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. உங்கள் மூக்குக்கு வருகிற அந்தக் கெட்ட மணத்துக்குப் பின்னால் 300 உயிர்கள் இருக்கின்றன. ஊதுபத்தி கொளுத்தி அதை மறைக்காதீர்கள்.

பிறகு 2022. ஒக்டோபர் 2021இல் 1,493 ரூபாயிலிருந்து 2,750 ஆன சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா ஆனது. அதுவும் வரிசையில் நின்றால்தான். திரும்பவும் விறகு, திரும்பவும் மூன்று கல். முப்பது வருடத்துக்குள் இரண்டாம் முறை எங்கள் ஊர் பின்னுக்குப் போய்ச் சமைத்தது. அந்த நெருக்கடியில் பலர் குக்கரை மூலையில் தள்ளினார்கள். ஹோஸ் காய்ந்து கிடந்தது. காஸ் வந்ததும் அதையே திரும்பப் பூட்டினார்கள். இன்று எங்கள் வீடுகளில் பாதிக் குக்கர் அப்படி ஓய்வெடுத்து வந்த குக்கர்தான் என்று நினைக்கிறேன்.

இலண்டன் அடுப்பும் எங்கள் அடுப்பும்

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இலண்டனில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலும் இதே கதை. அங்கே சமையலுக்கு மட்டுமல்ல, குளிருக்கும் அறையில் காஸ் அடுப்பு உண்டு. 1952இல் இலண்டனை மூடிய நச்சுப் புகைக்குப் பிறகு, 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி எரித்த பழைய அடுப்பு மாடத்துக்குள் காஸ் அடுப்பை வைத்தார்கள். பார்வைக்கு நிலக்கரி மாதிரியே பீங்கான் துண்டுகளை அடுக்கினார்கள். இப்போது அந்த அடுப்புகள் பழசாகிவிட்டன. மாடத்துக்கு வர்ணம் பூசலாமா, கரித்துண்டுகளை எடுத்துவிட்டு வெள்ளைக் கூழாங்கல் அடுக்கலாமா என்று அங்கேயும் கேட்கிறார்கள்.

அங்கே சொல்கிற பதில் எங்களுக்கும் பொருந்தும். வெளி அலங்காரத்தை, சூடு தாங்கும் பொருளால், அடுப்பை அணைத்து ஆறவிட்டு மாற்றலாம். கரித்துண்டை இடம் மாற்றக்கூடாது. ஒவ்வொரு துண்டும் சுவாலைக்கு வழிவிட்டு அளந்து வைத்தது. இடம் மாறினால் சுவாலை அதில் முட்டி, அரைகுறையாக எரிந்து, காபன் மொனொக்சைட்டு என்ற மணமில்லாத நஞ்சு வரும். புகைபோக்கியையும் சுவரில் உள்ள காற்றுத் துளையையும் அடைக்கவே கூடாது. உள்ளே கை வைக்க வேண்டுமென்றால் பதிவு பெற்ற காஸ் தொழிலாளிதான் வர வேண்டும். அங்கே அது சட்டம்.

உம்மம்மாவின் மூன்று மேடு நினைவுக்கு வருகிறதா? அதே இடைவெளி. அதே மூச்சு.

இன்னொரு இலண்டன் சம்பவம். 1968 மே 16ஆம் திகதி ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில், காலையில் தேநீர் போட ஒருவர் நெருப்புக்குச்சி தட்டினார். கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டடம் புத்தம் புதிது. ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம். கட்டடம் அப்படிச் சரிந்ததற்கு அதைக் கட்டிய முறையும் காரணம். ஆனால் காஸ் கசிந்த இடத்தைத் தேடிப் போனபோது அகப்பட்டது, குக்கரைக் குழாயோடு சேர்த்த தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு. பளபளப்பான புதுவீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்டு.

சரி, என்ன செய்யலாம்?

இனி அந்த மூன்று பேருக்கும் பதில்.

1. கழுவுங்கள். பாதிக் குக்கர் பழசல்ல, எண்ணெய் பிடித்தது. சிலிண்டரில் றெகுலேட்டரைப் பூட்டிக் கழற்றிவிட்டு, குக்கர் ஆறிய பிறகு, பேர்ணர் மூடியையும் சட்டி தாங்கியையும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்துத் தேயுங்கள். துளைகளை மெல்லிய ஊசியால் சுத்தம் செய்யலாம், ஆனால் பெரிதாக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, இருந்த இடத்தில் சரியாகக் குந்த வையுங்கள். சுவாலை நீலமாக, நிதானமாக வந்தால் சரி. மஞ்சளாக ஆடினால், சட்டி அடியில் கரி பிடித்தால், அது எரிவது சரியில்லை.

2. வர்ணம், ஒட்டுத்தாள் என்பவற்றைக் குக்கரில் போடாதீர்கள். பேர்ணருக்கும் சட்டி தாங்கிக்கும் வர்ணம் பூசினால் சூட்டில் உரிந்து புகையும், துளையை அடைக்கும். மாபிள் ஒட்டுத்தாள் பல பிளாஸ்ரிக்கால் ஆனவை, நெருப்புக்குப் பக்கத்தில் சுருங்கிப் பற்றும். குக்கருக்குப் பின்சுவரில் ஓடு பதியுங்கள். அதுதான் அழகும் பாதுகாப்பும். குக்கர் வைக்கிற மேடைக்கும் ஓடு அல்லது கல்.

3. சட்டி தாங்கியை அழகுக்காக மாற்றாதீர்கள். அந்தக் குக்கருக்கு உரியதை மட்டும் வாங்குங்கள். உயரம் குறைந்தால் சுவாலை நெரிபடும். வெள்ளித்தாள் சுற்றிக் காற்று போகும் வழியை மூடாதீர்கள்.

4. கண்ணாடிக் குக்கரில் கிடாரம் வைக்காதீர்கள். நோன்புக் கஞ்சிக்கும் கந்தூரிச் சாப்பாட்டுக்கும் வைக்கிற பெரிய பாத்திரம் குக்கரின் விளிம்பைத் தாண்டி நின்றால், சூடு திரும்பிக் கண்ணாடியிலும் திருகிலும் அடிக்கும். பாரமும் தாங்காது. அதற்கு வெளியில், நிலத்தில் வைக்கிற பெரிய அடுப்பு இருக்கிறது. சூடான கண்ணாடியில் ஈரத்துணி போடாதீர்கள். கீறல் விழுந்த கண்ணாடியை ஒட்டிப் பாவிக்காதீர்கள்.

5. சிலிண்டரை அடைத்து மறைக்காதீர்கள். இதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புது அலுமாரிக்குள் ஹோஸை எலி கடித்திருந்தது. கதவு பூட்டியிருந்ததால் மணம் வெளியே வரவில்லை. சிலிண்டர் மாற்றத் திறந்தபோதுதான் தெரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். மறைக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு துணித் திரை போதும், அதையும் நெருப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். கதவு வைத்தே ஆகவேண்டும் என்றால் நிலத்தோடு ஒட்டி, வெளிக்காற்று வருகிற மாதிரித் துளைகள் வையுங்கள். மேலே துளை வைத்துப் பிரயோசனம் குறைவு, காஸ் கீழேதான் கிடக்கும். இடமிருந்தால் சிலிண்டரை வெளியே, நிழலில், நிமிர்த்தி வைத்து, தெரிந்த தொழிலாளியைக் கொண்டு குழாய் போடுவது எல்லாவற்றிலும் நல்லது.

6. யன்னலைக் கண்ணாடி போட்டு அடைக்கும்போது ஒரு பகுதியாவது திறந்திருக்கட்டும். பூக்கல் வைத்த பழைய சுவர் இருந்தால் அதைப் பூசி மூடாதீர்கள். அதுதான் உங்கள் வீட்டு அரைச்சுவர்.

7. காசு செலவழிக்க வேண்டிய இடம் ஹோஸும் றெகுலேட்டரும் கிளிப்பும்தான். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெடிப்பு, விறைப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். புதிதாகப் பூட்டியதும் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

8. காஸ் மணந்தால் லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். றெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே கொண்டுபோங்கள். போனை வெளியே போய் எடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் திருகு இறுகி, பேர்ணர் துருப்பிடித்து, சுவாலை சரியாக வரவில்லையென்றால் அந்தக் குக்கருக்கு அழகுபடுத்தல் இல்லை, ஓய்வுதான். அப்போது மாபிள் தாளுக்கும் அலுமாரிக்கும் ஒதுக்கிய காசைச் சேர்த்து, கண்ணாடியில்லாத சாதாரண எஃகுக் குக்கர் ஒன்றை வாங்குங்கள். அதைக் கடன் வாங்கிப் பெருமைக்கு வாங்கத் தேவையில்லை. பார்க்கவும் மோசமில்லை.

இரவில் தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரிய விடாதீர்கள் என்று எங்கள் நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்ததை எல்லாரும் அறிவோம். அந்தக் காலத்தில் அது விளக்குத் திரி. இன்றைக்கு அது சிலிண்டரின் தலையில் இருக்கிற றெகுலேட்டர். தராவீஹ் தொழுது வந்து, ஸஹருக்கு எழும்ப வேண்டும் என்ற அவசரத்தில் படுக்கும்போது குக்கரின் திருகை மட்டும் மூடிவிட்டுப் படுக்கிறோம். றெகுலேட்டரையும் மூடுங்கள். பெண்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல இது. வாப்பாமாரும் பெரிய பிள்ளைகளும் பழக வேண்டும்.

பெருநாளுக்கு இன்னும் நாளிருக்கிறது. ஓடு பதிக்கிறவர் வருவதற்கு முதல், ஒரு கிண்ணம் சவர்க்காரத் தண்ணீரோடு குனிந்து அந்த ஹோஸை ஒருமுறை பாருங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வயதான உம்மா, அம்மா யாரும் இருந்தால் அவர்களுடையதையும் பாருங்கள். பத்து நிமிட வேலை.